காஜாங் நெடுஞ்சாலையும் கூட்டுப் பயணத் தடமும்

காஜாங் நகருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டரே. சத்தேக்குப் பெயர்பெற்ற இவ்வூரினின்று காலை வேளையில் தலைநகருக்குப் பணிக்குப் புறப்படுவோர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. நெடுஞ்சாலையின் தடங்கள் யாவும் மகிழுந்துகளால் நிறைந்திருக்கும். அவை ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும். ஒவ்வொன்றிலும் ஐவர் அமர இடமுண்டு; ஆயினும் பெரும்பாலானவற்றில் ஓட்டுநர் ஒருவரே அமர்ந்திருப்பார். சாலையில் இடமில்லை; வண்டிக்குள்ளோ இடம் வீணாகிக் கிடக்கிறது.

இந்த முரண்பாட்டுக்கு உலகின் சில பெருநகரங்கள் கண்ட மாற்றுவழியே கூட்டுப் பயணத் தடம். நெடுஞ்சாலையின் ஒரு தடத்தை நெரிசல் மிகுந்த வேளைகளில் தனியே ஒதுக்கி, இருவரோ மூவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து செல்லும் வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் மட்டும் அதனைத் திறந்துவிடுவது அதன் முறை. தனியே செல்பவர் நெரிசலில் காத்திருக்க, சேர்ந்து செல்பவர் தடையின்றிப் போவார். கிள்ளான் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலைகளில் அத்தகைய தடம் வேரூன்றவில்லை. அது ஏன் வேரூன்றவில்லை என்பதும், அதற்குப் பதிலாக எத்தகைய தனித்தடம் இங்கு வந்தது என்பதும் ஆராயத்தக்கவை.

சேர்ந்து பயணம் செய்யும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. காஜாங் வட்டாரம் முதலில் காப்பித் தோட்டங்களாலும் பின்னர் இரப்பர்த் தோட்டங்களாலும் வளர்ந்தது. தோட்டத்துத் தமிழர் பட்டணத்துக்குப் போக வேண்டுமெனில் லாரியின் பின்புறத்தில் நின்றுகொண்டு போயினர். திருவிழாவுக்கும் அவ்வாறே, மருத்துவமனைக்கும் அவ்வாறே. வெளியூருக்குச் செல்லும் வாடகை வண்டிகள் நால்வர் சேர்ந்த பின்னரே புறப்பட்டன. மூவர் மட்டும் வந்திருந்தால், நான்காமவர் வரும்வரை காத்திருத்தல் வேண்டும், அல்லது அவருடைய கட்டணத்தையும் மூவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1970களில் பெட்டாலிங் ஜெயாவிலும் சுங்கை வேயிலும் ஷா ஆலமிலும் தொழிற்சாலைகள் பெருகியபோது, தோட்டங்களிலும் கம்பங்களிலும் புதுக்கிராமங்களிலும் விடியுமுன்னரே தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நின்றன. பால்மரம் வெட்டிய தாயின் மகள் மின்னணுத் தொழிற்சாலைக்குச் சென்றது அந்தப் பேருந்தில்தான். 1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மினி பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றில் மாலை நேரத்தில் ஏறியவர்களுக்கு நெருக்கி நிற்பது எப்படி என்று எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே, வண்டியைப் பகிர்ந்துகொள்ளும் மனப்பான்மை கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறையவே இருந்தது. ஆனால் அது வசதி குறைந்தோரின் வழக்கமாக இருந்தது. மகிழுந்து வாங்கும் நிலைக்கு உயர்ந்தவர், அந்தப் பகிர்விலிருந்து விடுபட்டதையே உயர்வின் அடையாளமாகக் கருதினார். இந்த மனநிலையை மறந்துவிட்டுக் கூட்டுப் பயணத்தின் வரலாற்றைப் பேச இயலாது.

சாலைப் பொறியியலார் கணக்கிடும் முறையையும் இங்குச் சற்றே நோக்குதல் வேண்டும். நெடுஞ்சாலையின் ஒரு தடத்தில் நல்ல நிலையில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2,000 மகிழுந்துகள் செல்லக்கூடும். பத்து வண்டிகளுக்குப் பன்னிருவர் என்று வைத்துக்கொண்டால், அத்தடம் ஒரு மணி நேரத்தில் கொண்டு சேர்ப்பது 2,400 பேரை. அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து வீதம், ஒவ்வொன்றிலும் 40 பேர் சென்றாலும் அதே 2,400 பேர் சென்று சேர்வர். மூவர் அமர்ந்த மகிழுந்துகள் 1,000 சென்றால் 3,000 பேர். இக்கணக்கு எளியது, பள்ளி மாணவனும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நிமிடத்துக்கு ஒரு பேருந்து மட்டும் செல்லும் தடம், பக்கத்துத் தடத்தில் நெரிசலில் நிற்பவரின் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றும். தம் முன்னே நிற்கும் 100 வண்டிகளை அவர் காண்கிறார். பக்கத்தில் விரைந்து மறைந்த பேருந்தில் இருந்த 40 பேரை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. கூட்டுப் பயணத் தடத்துக்கு எழுந்த எதிர்ப்புகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் எதனை எண்ணுவது, வண்டியையா, அதில் உள்ள மாந்தரையா என்பதே வினா. வண்டியை எண்ணினால் அத்தடம் வீண். மாந்தரை எண்ணினால் அதுவே நிறைந்த தடம்.

இத்தடம் தோன்றிய இடம் அமெரிக்கா. வாஷிங்டன் நகருக்குள் நுழையும் ஷெர்லி நெடுஞ்சாலையில் 1969ஆம் ஆண்டு பேருந்துகளுக்கெனத் தனித்தடம் அமைந்தது. சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் வளைகுடாப் பாலத்தின் கட்டணச் சாவடியில் 1971ஆம் ஆண்டு டிசம்பரில், மூவர் இருந்த மகிழுந்துகளுக்குத் தனி வழி விடப்பட்டது. 1973ஆம் ஆண்டு அக்டோபரில் எழுந்த எண்ணெய் நெருக்கடி இம்முயற்சிக்கு வேகமூட்டியது. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்ற அந்தக் குளிர்காலத்தில், டிசம்பர் மாதத்தில், ஷெர்லி நெடுஞ்சாலைத் தடத்தில் நால்வர் அமர்ந்த மகிழுந்துகளும் செல்லலாம் என்று அனுமதிக்கப்பட்டது. அங்கு ஒரு விந்தையான வழக்கமும் பிறந்தது. தனியே வரும் ஓட்டுநர் குறித்த சில இடங்களில் வண்டியை நிறுத்துவார், முன்பின் அறியாத மூவர் ஏறிக்கொள்வர், கட்டணம் கிடையாது, நகரத்தில் இறங்கி அவரவர் வழியே போய்விடுவர். ஓட்டுநருக்குத் தடம் கிடைத்தது, ஏறியவருக்குப் பயணம் கிடைத்தது. எந்த அரசு அலுவலகமும் இதனை ஏற்பாடு செய்யவில்லை.

அந்நாட்டிலேயே மற்றொரு முயற்சி படுதோல்வியுற்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சாந்தா மோனிக்கா நெடுஞ்சாலையில், 1976ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், இருந்த தடங்களுள் ஒன்று திசைக்கொன்றாகப் பறிக்கப்பட்டு, மூவருக்குக் குறையாத வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் ஒதுக்கப்பட்டது. அத்தடத்தின் நீளமும், காஜாங்கினின்று கோலாலம்பூர் வரை உள்ள தொலைவைப் போலவே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தரையில் வைரக்குறி வரையப்பட்டிருந்தமையால் மக்கள் அதனை வைரத்தடம் என்றனர். பேருந்தில் செல்வோர் தொகையும் சேர்ந்து செல்லும் வண்டிகளின் தொகையும் உயரவே செய்தன. ஆனால் விபத்துகளும் உயர்ந்தன, நாளேடுகள் தாக்கின, நேற்று வரை தாம் ஓட்டிச் சென்ற தடத்தை இன்று அரசு பிடுங்கிக்கொண்டது என்று ஓட்டுநர்கள் கொதித்தனர். சுற்றுச்சூழல் அறிக்கை முறையாகத் தயாரிக்கப்படவில்லை என்ற காரணத்தால் நீதிமன்றம் தடை விதித்தது. 21 வாரங்களில், ஆகஸ்ட் மாதத்தில், வைரத்தடம் மறைந்தது. அதன்பின் அமெரிக்கப் பொறியியலார் ஒரு பாடத்தை மறவாமல் பின்பற்றினர்: இருந்த தடத்தை எடுத்து ஒதுக்காதே, புதிய தடம் ஒன்றைச் சேர்த்து அதனை ஒதுக்கு. எதிர்ப்பு அடங்கியது உண்மை. ஆயினும் நெரிசலைக் குறைக்கப் பிறந்த கருத்து, சாலையை அகலப்படுத்துவதற்கு ஒரு சாக்காக மாறிவிட்டது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இக்கருத்து அமெரிக்காவிலிருந்து நேரே வரவில்லை. ஜொகூர் பாலத்துக்கு அப்பால் இருந்த சிங்கப்பூர் வழியாகவே வந்தது. சிங்கப்பூர் தடத்தை ஒதுக்கவில்லை. நகரத்தின் நடுப்பகுதியையே ஒதுக்கியது. 1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்த வட்டார உரிமத் திட்டத்தின்படி, காலை நெரிசல் வேளையில் அப்பகுதிக்குள் நுழையும் மகிழுந்து நாளொன்றுக்கு 3 வெள்ளி செலுத்தி உரிமச் சீட்டு வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டியிருத்தல் வேண்டும். ஓட்டுநரையும் சேர்த்து நால்வர் அமர்ந்திருந்தால் கட்டணம் இல்லை. நுழைவாயில்களில் நின்ற அலுவலர்கள் வண்டிக்குள் பார்த்துத் தலைகளை எண்ணினர். கட்டண வேளையில் நுழைந்த மகிழுந்துகளின் தொகை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது. திட்டமிட்டவர்களே எதிர்பாராத அளவு அது.

அங்கும் வாஷிங்டனில் நிகழ்ந்தது நிகழ்ந்தது. மகிழுந்து ஓட்டுநர்கள் பேருந்து நிறுத்தங்களில் வண்டியை நிறுத்தி, காத்திருந்தவர்களை ஏற்றிக்கொண்டனர். பேருந்துக் கட்டணம் மிச்சமானதில் ஏறியவருக்கு மகிழ்ச்சி. மூன்று வெள்ளி மிச்சமானதில் ஓட்டுநருக்கு மகிழ்ச்சி. ஆனால் திட்டத்தின் நோக்கத்துக்கு அது உகந்ததா என்பதே வினா. மகிழுந்துகளை ஒன்று சேர்க்க வந்த சலுகை, பேருந்தில் செல்ல வேண்டியவர்களை மகிழுந்துக்கு ஈர்த்துவிட்டது. மகிழுந்தோ முன்போலவே நகருக்குள் வந்துகொண்டிருந்தது. 1989ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நால்வர் சலுகை நீக்கப்பட்டது. மாலை வேளைக்கும் கட்டணம் வந்தது. மோட்டார் சைக்கிளுக்கும் லாரிக்கும் கட்டணம் வந்தது. 1998ஆம் ஆண்டு மின்னியல் கட்டண முறை வந்தபோது, வண்டிக்குள் எத்தனை பேர் என்ற கேள்வியே மறைந்துபோயிற்று.

சிங்கப்பூர்த் திட்டம் வெற்றி கண்டதைக் கோலாலம்பூர் கூர்ந்து நோக்கியது. 1970களில் உலக வங்கியின் கடனுதவியோடு தலைநகரப் போக்குவரத்துத் திட்டங்கள் வகுக்கப்பட்டபோது, நகரின் நடுப்பகுதிக்குள் நுழையும் மகிழுந்துகளுக்குக் கட்டணம் விதிக்கும் முறையும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. அது ஒத்திவைக்கப்பட்டது, பின்னர் கைவிடப்பட்டது. நகரைச் சுற்றிச் செல்லும் வட்டச்சாலைகள் முற்றுப்பெறவில்லை, மகிழுந்தை விட்டுவருவோரை ஏற்றிச் செல்லப் போதிய பேருந்துகள் இல்லை என்னும் காரணங்கள் முன்னிற்கின்றன. அக்காரணங்கள் பொய்யானவை அல்ல. சிங்கப்பூர் ஒரு தீவு. அங்கு ஒரே அரசு. கோலாலம்பூரோ 1974ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில்தான் சிலாங்கூரினின்று பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. காஜாங்கினின்றும் கிள்ளானினின்றும் வரும் வண்டி, புறப்படும் இடத்தில் ஓர் ஆட்சிக்கும் சேரும் இடத்தில் வேறோர் ஆட்சிக்கும் உட்பட்டது. ஆயினும் வட்டச்சாலைகள் முற்றுப்பெற்ற பின்னரும் அத்திட்டம் மீண்டும் உயிர்பெறவில்லை என்பதை நோக்கும்போது, மேற்சொன்ன காரணங்களுக்கு அப்பாலும் தயக்கம் ஒன்று இருந்தது எனக் கொள்ளுதல் தவறாகாது.

ஆனால் அதே காலத்தில் அதே உலக வங்கி உதவியோடு வேறொரு தனித்தடம் உருவாயிற்று. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கென 1970களில் தனிப்பாதை அமைக்கப்பட்டது. உலகில் இத்தகைய பாதைகளுள் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. 1990களின் தொடக்கத்தில் நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டபோது இப்பாதையும் நீட்டிக்கப்பட்டது. இது நெடுஞ்சாலையின் ஒரு தடத்தில் கோடு வரைந்து ஒதுக்கியது அன்று. இரும்புத் தடுப்பால் பிரிக்கப்பட்டு, சந்திப்புகளில் கீழே இறங்கிச் சுரங்கம் போன்ற வழிகளில் நுழைந்து, மறுபுறம் ஏறி வரும் பாதை. மகிழுந்து எதுவும் இதில் நுழைய இயலாது. ஆகவே காவலர் நின்று கண்காணிக்க வேண்டிய தேவையும் மிகக் குறைவு.

இதன் நோக்கம் நெரிசலைக் குறைப்பது அன்று, உயிரைக் காப்பது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பத்தில் அறுவருக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவரே. நீட்டிக்கப்பட்ட பாதையை ஆராய்ந்த மலேசிய ஆய்வாளர்கள், மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்ததாகத் தம் ஆய்வில் குறித்தனர். குறைகளும் இதற்கு உண்டு. பாதை குறுகலானது, வளைவுகள் கூர்மையானவை, மழை பெய்தால் தாழ்ந்த இடங்களில் நீர் தேங்கும், மேம்பாலத்தின் அடியில் மழைக்கு ஒதுங்குவோர் பாதையையே மறித்துவிடுவர், இருண்ட பகுதிகளில் வழிப்பறிக்கு அஞ்ச வேண்டியிருந்தது. எனினும் தோட்டம் துண்டாடப்பட்ட பின்னர்ப் பட்டணத்து ஓரங்களில் குடியேறி, தவணைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, இரவு முறை வேலைக்குச் சென்று திரும்பிய தமிழ் இளைஞர்கள் பல்லாயிரவர் இப்பாதையால் உயிர் பிழைத்திருக்கின்றனர் என்று கூறுதல் மிகையாகாது. சாலையில் மகிழுந்து அல்லாதவர்க்கு என ஒதுக்கப்பட்ட இடம் ஒன்று நிலைபெற்றது என்றால், அது இதுவே.

சேர்ந்து செல்வோர்க்குக் கிடைக்காத தடம் மோட்டார் சைக்கிளுக்கு எவ்வாறு கிடைத்தது? விடை வைரத்தடத்தின் வரலாற்றில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் பாதை மகிழுந்துக்காரரிடமிருந்து எதனையும் எடுத்துக்கொள்ளவில்லை. மாறாக, அவர் கண்முன்னே நெளிந்து ஓடிய மோட்டார் சைக்கிள்களை அவர் வழியினின்று அகற்றிற்று. இருசாராருக்கும் நன்மை தந்த ஏற்பாடாகையால் எதிர்ப்பு எழவில்லை. கூட்டுப் பயணத் தடமோ ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்குக் கொடுப்பது. அதற்கு மனவுறுதி வேண்டும். அதைவிட, எடுக்கப்பட்டவர் மாறிச் செல்வதற்கு வேறு வழியும் வேண்டும்.

அந்த வேறு வழி, வேண்டிய காலத்தில் குறைந்துகொண்டே வந்தது. 1977ஆம் ஆண்டு கோலாலம்பூர் – சிரம்பான் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. காஜாங் தலைநகரின் ஒரு புறநகராகத் தொடங்கியது. 1985ஆம் ஆண்டு ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994ஆம் ஆண்டு பெரோடுவா கன்சில் வந்தது. நடுத்தரக் குடும்பங்கள் கடனுக்கு மகிழுந்து வாங்கலாயின. கோலாலம்பூர் மாநகரின் கட்டமைப்புத் திட்ட ஆவணம் தரும் கணக்கு ஒன்று இங்கு நோக்கத்தக்கது. தொழிற்சாலைப் பேருந்து, பள்ளிப் பேருந்து ஆகியவற்றையும் உள்ளடக்கிய பொதுப் போக்குவரத்தின் பங்கு 1985ஆம் ஆண்டு 34.3 விழுக்காடாக இருந்தது. 1997ஆம் ஆண்டு 19.7 விழுக்காடாகச் சுருங்கிற்று. பன்னிரண்டு ஆண்டுகளில் மூவரில் ஒருவர் என்றிருந்தது ஐவரில் ஒருவர் என்றாயிற்று. மறு ஆண்டே, 1998இல், மினி பஸ்களும் தலைநகரச் சாலைகளினின்று மறைந்தன. சேர்ந்து செல்லும் பழக்கம் அமெரிக்காவில் உண்டாக்கப்பட வேண்டியிருந்தது. இங்கோ இருந்த பழக்கம் கரையவிடப்பட்டது.

அக்காலத்தில் அரசு கண்ட தீர்வு புதிய நெடுஞ்சாலையும் சாலைக் கட்டணமும். காஜாங் மக்கள் இதனை நேரே அறிவர். செராஸிலிருந்து காஜாங் வரை இருந்த பழைய சாலையே அகலப்படுத்தப்பட்டு, 1999ஆம் ஆண்டு கட்டணச் சாலையாயிற்று. ஒன்பதாம் மைல், பதினோராம் மைல் என்று ஊர்மக்கள் வழங்கிய இடங்களில் சாவடிகள் எழுந்தன. தாம் அதுவரை கட்டணமின்றிச் சென்ற சாலைக்கு இனிக் கட்டணமா என்று குடியிருப்பாளர்கள் கிளர்ந்தனர். சாந்தா மோனிக்காவில் எழுந்த குரலும் இக்குரலும் ஒன்றே: இருந்ததை எடுத்துக்கொண்டனர் என்பதே குறை. நெடுநாள் கிளர்ச்சிக்குப் பின், 2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அச்சாவடிகள் ஒவ்வொன்றிலும் ஒரு திசைக்கான கட்டணம் நீக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு காஜாங்கைச் சுற்றிச் செல்லும் சில்க் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அதன் பின்னரும் தெற்கிலும் கிழக்கிலும் புதிய நெடுஞ்சாலைகள் வந்தன. ஒவ்வொன்றும் திறக்கப்பட்டபோது நெரிசல் தணிந்தது. புதிய குடியிருப்புகள் வந்தபோது திரும்பவும் வந்தது. இந்த நெடுஞ்சாலைகள் புத்தம்புதியனவாகப் போடப்பட்டவை. தடம் ஒன்றைத் தொடக்கத்திலேயே ஒதுக்கியிருந்தால், எவரிடமிருந்தும் எதனையும் பறித்ததாகாது. அந்த வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கைநழுவிற்று.

கூட்டுப் பயண விதி தென்கிழக்காசியர்க்குப் பொருந்தாது, ஏமாற்றுவோரே மிகுவர் என்று வாதிடுவோர் ஜகார்த்தாவைச் சான்று காட்டுவது வழக்கம். அந்நகரின் முதன்மைச் சாலைகளாகிய சுதிர்மான், தம்ரின் ஆகியவற்றில் 1992ஆம் ஆண்டு முதல், குறித்த வேளைகளில் மூவருக்குக் குறைந்த மகிழுந்துகள் செல்லத் தடை இருந்தது. மூவருக்கு ஒன்று என்பது அவ்விதியின் பெயர். விரைவில் ஒரு தொழில் தோன்றிற்று. சாலை தொடங்கும் இடத்தில் ஏழை மக்கள் வரிசையாக நின்று விரலை உயர்த்திக் காட்டுவர். தனியே வருபவர் சிறு தொகை கொடுத்து அவர்களை ஏற்றிக்கொள்வார். சாலை முடிந்ததும் இறக்கிவிடுவார். கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்குக் கிராக்கி மிகுதி. ஏனெனில் அவர் இருவராகக் கணக்கிடப்பட்டார். இவர்களை ஜாக்கி என்று அழைத்தனர். குழந்தைகள் இவ்வாறு வாடகைக்கு விடப்படுகின்றனர் என்ற கவலையே அவ்விதி 2016ஆம் ஆண்டு நீக்கப்பட்டதற்கு ஒரு காரணம்.

இதனைக் கேட்போர், விதி வெறும் கேலிக்கூத்து என்று முடிவுகட்டிவிடுவர். ஆனால் விதி நீங்கிய பின் நிகழ்ந்தது வேறு. ஆய்வாளர்கள் அதற்கு முன்னும் பின்னும் கைப்பேசி வழியே பெற்ற போக்குவரத்துத் தரவுகளை ஒப்பிட்டு, 2017ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். காலை நெரிசலில் ஒரு கிலோமீட்டரைக் கடக்கும் தாமதம் 2.1 நிமிடத்தினின்று 3.1 நிமிடமாக உயர்ந்தது, மாலையில் 2.8 நிமிடத்தினின்று 5.3 நிமிடமாக உயர்ந்தது. விதி இல்லாத மற்றச் சாலைகளிலும், விதி இல்லாத வேளைகளிலும் கூட நெரிசல் மிகுந்தது. பலர் ஏமாற்றிய நிலையிலும் அவ்விதி ஓரளவு வேலை செய்துகொண்டுதான் இருந்தது என்பதே இதன் பொருள். விதியை மீறுவோர் இருப்பதனால் விதி பயனற்றது என்று தள்ளிவிடுவோர் இக்கணக்கைக் கண்டு சற்றே தயங்குதல் வேண்டும்.

விதியின் அளவும் முதன்மையானது. எத்தனை பேர் என்பதில் ஒன்று குறைத்தாலும் தடத்தின் தன்மை மாறிவிடும். கலிபோர்னியாவின் எல் மாண்டே பேருந்துச் சாலை 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பின்னர் மூவர் அமர்ந்த மகிழுந்துகளும் அதில் அனுமதிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் சட்டம் ஒன்று அதனை இருவர் எனத் தளர்த்திற்று. கணவனும் மனைவியும், தாயும் பள்ளிக்குச் செல்லும் மகனும் ஏற்கெனவே இருவராகச் செல்பவரே. அவர்கள் யாவரும் தடத்துக்குள் வந்தனர். காலையில் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற தடம் 30 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. பேருந்துப் பயணிகள் முறையிட்டனர். அவ்வாண்டு ஜூலையிலேயே நெரிசல் வேளைக்கு மூவர் விதி திரும்பிற்று. தடத்தைத் தாராளமாகத் திறந்துவிட்டால் அது மற்றுமொரு நெரிசல் தடமாகிவிடும்; மிக இறுக்கினால் வெறுமையாகத் தோன்றி வெறுப்பை வளர்க்கும். இரண்டுக்கும் இடையே நிறுத்துவதற்கு ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கும் அலுவலரும், மீறுவோரைத் தண்டிக்கும் காவலரும், இறுக்க வேண்டிய போது இறுக்கும் துணிவும் வேண்டும். கோடு வரைவது எளிது. கோலாலம்பூர் நகரச் சாலைகள் சிலவற்றில் வரையப்பட்ட பேருந்துத் தடங்களில் மகிழுந்துகள் நிறுத்தப்பட்டிருந்ததைக் கண்டவர் இதனை அறிவர்.

பின்னாளில் கிள்ளான் பள்ளத்தாக்கு வேறு திசையில் சென்றது. 1995ஆம் ஆண்டு மின்னியல் கொமுட்டர் இரயில் வந்தது. 2015ஆம் ஆண்டு சன்வேயில் பேருந்துகளுக்கென 5.4 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு தனிப்பாதை திறக்கப்பட்டது; அது தரையில் இல்லை, தூண்களின் மேல் இருக்கிறது. இருக்கும் சாலையில் ஒரு தடத்தை எடுப்பதைவிட வானத்தில் புதிய தடம் கட்டுவதே எளிதாகக் கருதப்பட்டது போலும். 2017ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், சுங்கை பூலோவினின்று வந்த விரைவு இரயில் காஜாங் வரை ஓடத் தொடங்கியது. அந்நாளில் 51 கிலோமீட்டர், 31 நிலையங்கள். செராஸ் சாலையின் நெரிசலில் நின்ற பலர் அதில் ஏறினர். 1970களில் இல்லையென்று சொல்லப்பட்ட மாற்றுவழி நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்து சேர்ந்தது. எனினும் இரயிலுக்குத் தொலைவில், செமினியிலும் அதற்கு அப்பாலும் குடியேறியவர்களுக்கு மகிழுந்தே இன்னும் வழி.

கட்டணச் சாவடியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டியுள்ளது. மலேசிய நெடுஞ்சாலைகளில் வண்டிகள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. மகிழுந்து முதல் வகுப்பு. வாடகை வண்டி நான்காம் வகுப்பு. பேருந்து ஐந்தாம் வகுப்பு. பின்னிரண்டுக்கும் சலுகைக் கட்டணம் உண்டு. பலரை ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் குறைந்த கட்டணம் என்னும் கருத்து அவ்வகுப்புகளுக்குள் மறைந்தே இருந்தது. ஆனால் முதல் வகுப்புக்குள் அது நுழையவில்லை. ஒருவர் சென்றாலும் ஐவர் சென்றாலும் மகிழுந்துக்கு ஒரே கட்டணம். அந்நாளில் சாவடியில் ஒருவர் அமர்ந்து கைநீட்டிப் பணம் வாங்கினார்; வண்டிக்குள் எத்தனை பேர் என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. வளைகுடாப் பாலத்தில் 1971ஆம் ஆண்டு கூட்டுப் பயண வழி தொடங்கியதும் அத்தகைய ஒரு சாவடியில்தான். 1997ஆம் ஆண்டு டச் அண்ட் கோ அட்டை வந்தது. பின்னர் நெடுஞ்சாலைகளில் ரொக்கம் வாங்குவது நின்றது. சாவடியில் அமர்ந்திருந்தவர் எழுந்துபோனார். கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் ஆகிய இடங்களில் இருந்த கட்டணமோ 2018ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் அடியோடு நீக்கப்பட்டது. அதன் ஓரத்தில் மோட்டார் சைக்கிள் பாதை மட்டும், தடுப்புக்கு அப்பால், பழைய சுரங்கங்களுள் இறங்கி ஏறிச் சென்றுகொண்டிருக்கிறது.